கற்காத மொழி தந்த பதவி உயர்வு

“உங்கள் கரியருக்கு இது பெரிய பூஸ்ட்!”

போன வாரம் திங்கட்கிழமை காலை, என் மனைவி கீதாவுக்கு அவளுடைய மேனேஜர் அனுப்பிய மின்னஞ்சலின் முதல் வரி இது. மேனேஜர்கள் இப்படி எழுதினால், யாரோ வேலையை விட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம்.

போகிறவர் முனிராஜ். பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரர். கீதாவின் டீமில் பழைய புரோகிராமிங் மொழி ஒன்று தெரிந்த ஒரே ஆள். மொழியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எந்த கம்பெனி என்று தெரிந்துவிடும் — அத்தனை பிரபலம்!

அவருடைய நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள் கீதா அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றால், டீம் லீட் பதவிக்கு அவள் பெயர் ‘பரிசீலிக்கப்படும்’. அவள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் பதவி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சரி, நாளைக்கே இந்த வேலை போனால்? வெளியே இந்த மொழிக்கு என்ன மதிப்பு? வேலைவாய்ப்புத் தளங்களில் தேடினோம். பெங்களூர் முழுக்க ஒரே ஒரு காலியிடம்... முனிராஜுடையது.

கற்றவரையே கேட்டுவிடலாமே? புதன்கிழமை மாலை கீதா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“அய்யோ, வேணாம் மேடம்! அது செத்த மொழி. நான் மாட்டிக்கிட்டது போதாதா?”

“லீட் ஆக்குறேங்கறாங்களே, முனிராஜ்?”

“சும்னே சொல்வாங்க, செய்ய மாட்டாங்க. என் கல்யாணத்தன்னிக்கே சர்வர் டவுன். மாலையும் கழுத்துமா லாப்டாப்பைத் தொறந்தேன். பொண்ணு வீட்ல என்ன நெனச்சாங்களோ!”

“அப்ப நான் என்னதான் படிக்கிறது?”

“ஏஐ படிங்க மேடம். ஊரே அதத்தானே படிக்குது?”

எவ்வளவு நல்ல மனிதர் என்று நான்கூட உருகினேன்.

வெள்ளிக்கிழமை கீதா பணிவாக மறுத்து எழுதினாள். டீமில் மற்றவர்கள்? அதே மின்னஞ்சல் அவர்களுக்கும் போயிருந்தது. அவர்களும் முனிராஜிடம் ஆலோசனை கேட்டவர்கள்தான். அத்தனை பேரும் மறுத்துவிட்டார்கள்.

கற்க ஆளில்லை என்றால், தெரிந்தவரைப் போகவிட முடியுமா? இந்தத் திங்கட்கிழமை முனிராஜ் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் — டீம் லீடாக!

கீதா பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லப் போனாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க.”

“செத்த மொழின்னீங்களே?”

“செத்ததுதான் மேடம். கொள்ளி வைக்க ஒரு ஆள் வேணுமில்ல?”

ஆக, யாருக்கும் தெரியாத மொழியைக் கற்றால் கரியர் உயருமா? தாராளமாக உயரும். பக்கத்து சீட்காரர் அதைக் கற்காமல் பார்த்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தகவலை மட்டும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. முனிராஜ் இந்த வேலையை விட்டுவிட்டு எந்த கம்பெனிக்குப் போவதாக இருந்தார்? கீதா டீம் முழுக்க விசாரித்துவிட்டாள், யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கம்பெனி இருந்ததா என்பதே இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.