ஒரே தாளில் ஒரு டைனோசர்

காகிதம் மடித்துப் பிழைப்பவனை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும்: ஒன்று வேலை இல்லாதவன், இல்லையென்றால் வேலை கிடைக்காதவன். கைத்தொழிலை நம்பி மோசம்போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிகக் கைவினை ஆசிரியர். பள்ளிக் கண்காட்சியில் அசத்தினால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கரஸ்பாண்டென்ட் சொல்லியிருந்தார். உள்ளங்கை அளவுச் சதுரத் தாளில், வெட்டாமல் ஒட்டாமல், பல்லும் நகமும் உள்ள டைனோசர் செய்வதென்று கிளம்பினேன்.

மச்சான் யோசனை

கடலூரில் என் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று பட்டால் தாள் நமுத்துப்போகும், போட்ட மடிப்பு நிற்காது. அதனால் ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வேர்வை சொட்டிவிடாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மடித்தேன். இடுக்கி நுனியால் டைனோசரின் ஒரு விரலைப் பிரித்தால் பக்கத்து விரல் கிழியும். உடனே வேறு தாள், முதலிலிருந்து வேலை.

குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனிக்குப் போகும் என் மனைவியின் தம்பி, ஷிப்ட் முடிந்து வந்தவன், கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான். படித்த பையன், ஏதாவது உருப்படியாகச் சொல்வான் என்று நம்பினேன். "ஏன் மாமா இப்படி வேவுறீங்க? கடைல ரப்பர்ல விக்குது, அமுக்குனா கத்தக்கூட செய்யும்!"

பஸ்ஸில் ஒரு நிபுணர்

கண்காட்சியன்று காலை, டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, கட்டைவிரல் உயர டைனோசரைச் சிதம்பரம் பஸ்ஸில் கொண்டுபோனேன். புதுச்சத்திரம் அருகே ஒரு கால் விரிந்துவிட்டது. மூடியைத் திறந்து மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டுக் குமராட்சிக்காரர் எட்டிப் பார்த்தார். என்னவென்று சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம்தான் தெரிந்தது. "தப்பா நெனைக்காதீங்க சார், எங்க வயக்காட்டு ஓணானே இதவிட பெருசு."

மங்கலப் பொருள்

பள்ளியில் எது தொடங்கினாலும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் கிண்ணத்தோடு புறப்பட்டார். கம்ப்யூட்டருக்கு வைத்தார், எரிமலை மாடலுக்கு வைத்தார். நான் "ஐயோ சார்" என்பதற்குள் ஈரச் சந்தனத்தை டைனோசர் தலையில் அப்பிவிட்டார். ஊறிய மூக்கு தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சாமி காரியம் சார், ஒண்ணும் ஆவாது."

சோதனை

கரஸ்பாண்டென்ட் வந்தார். 'ஒரே தாள், ஒட்டாதது' என்ற அட்டையைப் படித்தார். மூக்கில் காய்ந்திருந்ததைப் பார்த்தார். பசையா என்றார். சந்தனம் என்றேன். பெற்றோர் முன்னால் பள்ளி பொய் சொல்லக் கூடாதாம். வாலைப் பிடித்து இழுத்தார். கால், நகம், பல் எல்லாம் வரிசையாக அவிழ்ந்தன. கடைசியில் கசங்கிய சதுரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துத் திருப்தியானார். "கரெக்ட் சார், ஒரே பேப்பர்தான். சட்டுனு பழையபடி மடிச்சி வெச்சிருங்க, சீஃப் கெஸ்ட் கார்லேர்ந்து எறங்கிட்டாரு."

இருந்த அவகாசத்தில் அந்தத் தாளை ஒரு கப்பலாக மடித்து வைத்தேன். சிறப்பு விருந்தினர் கைதட்டினார், வேலையும் நிரந்தரமாயிற்று, இவர்களுக்கு எது போதும் என்று எனக்கும் புரிந்துபோயிற்று.