பூசையில் வைத்த கார் சாவி

நனைந்த கான்வாஸ் துணிக்கு என்று ஒரு வாசம் உண்டு. மழைக்காலத்தில் காயாமல் கிடக்கும், பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுப் போகும் சப்பாத்தின் வாசம், கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய், எல்லாம் சேர்ந்த வாசம் அது. எனக்குப் பத்து வயது நடந்தபோது, எங்கள் தீவின் ஆயர் ஈத்தாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டின் முன்பக்கம் முழுக்க அந்த வாசம்தான் அடிக்கும். அங்கேதான் அப்பாவின் கார் நின்றது.

பிள்ளைகளே, இன்று நீங்கள் சாலையில் பார்க்கும் கார்களைப் போல அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டே இருக்கை, என் இடுப்பு உயரத்துக்குக் கதவு, சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி வைத்த சக்கரங்கள், தலைக்கு மேலே தகரத்துக்குப் பதிலாக மடக்கி வைக்கிற துணிக்கூரை. அந்தக் கூரையை எங்கள் வீட்டில் "ஹூட்டு" என்போம். இங்கிலாந்தில் செய்த கார். நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது அதை ரப்பர் கொட்டகையில் விட்டுப் போய்விட்டார். வருஷக் கணக்கில் கோழிகள் முட்டையிட்டுக் கிடந்ததை அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, "எடுத்துக்கிட்டுப் போனா போதும்ப்பா" என்று அப்பாவிடம் கொடுத்தாராம். லாரியில் ஏறி, ஃபெரியில் கடல் தாண்டி, துருப்பிடித்த தகரமாக எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அப்பா பஸ் பட்டறையில் ஃபிட்டர். ஆறு நாள் மற்றவர்களுடைய பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, ஏழாம் நாள் தன் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். இப்படி ஆறு வருஷம். கிடைக்காத சாமான்களைப் பழைய லாரிகளிலிருந்து கழற்றி, ராவி ராவிப் பொருத்தினார். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் கதவைத் தேய்ப்பது என் வேலை. ஹூட்டைத் தைத்தது அம்மா. காலால் மிதிக்கிற தையல் மெஷினில், ரவிக்கைத் துணி தைக்கிற ஊசியால், அந்த முரட்டுக் கான்வாஸை மூன்று மாதம் தைத்தார். "இன்னிக்கு மூணு ஊசி போச்சு" என்பார் சில நாள். வேறு எதுவும் சொல்லமாட்டார். கடைசியில் அப்பா வெளிர் நீலத்தில் சாயம் அடித்து, முதல்முறை இஞ்சினை உயிர்ப்பித்தபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் வேலி தாண்டி ஓடின.

அந்தப் பக்கத்து வீட்டில்தான் மணியம் அண்ணன் இருந்தார். டாக்சி ஓட்டுபவர், அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்ணே, வீட்டுல மூணு பேரு, காடியில ரெண்டு சீட்டு. யாரை விட்டுட்டுப் போவீங்க?" என்று கேட்டார்.

"முறை வெச்சுப் போவோம்டா" என்றார் அப்பா.

முறை என்று ஒன்று வரவேயில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆனால் நான் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அப்பா பின்னால் திரும்பி, "அடுத்த வாரம் நீ வா, இவன் வீட்டுல இருக்கட்டும்" என்பார் அம்மாவிடம். அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி, "மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வந்துடுங்க" என்பார். நாங்கள் பாடாங் கோத்தா கடற்கரைவரை போய், துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் சாப்பிட்டுத் திரும்புவோம். காற்று முகத்தில் அறையும். சிவப்பு விளக்கில் நின்றால் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அப்பா பட்டறைக்காரர் மாதிரியே இருக்கமாட்டார்.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டு நிலத்தை விற்றுவிட்டதாக அதன் சொந்தக்காரரான சீனத் தவுக்கே ஆள் அனுப்பிச் சொன்னார். மூன்று மாதத்தில் காலி செய்யவேண்டும். நல்ல வேளையாக, முன்பே மனுப் போட்டு வைத்திருந்த மலிவு அடுக்குமாடி வீட்டுக்கு எங்கள் பெயர் வந்திருந்தது. ஆனால் மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "காடிய வித்துடலாம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் ஓர் அட்டையில் "விற்பனைக்கு" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தார்.

வந்தவர்களுக்குக் குறைவில்லை. வாங்குபவர்கள்தான் இல்லை. சிலர் உட்கார்ந்து பார்த்தார்கள், சிலர் படம் எடுத்தார்கள். ஒருவர் ஹூட்டை மூன்று முறை மடக்கி விரித்துவிட்டு, "மழை ஊருக்கு இது சரிப்படாது லா" என்று சொல்லிப் போனார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அப்பாவுக்குச் சலித்துவிட்டது. வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிடுவார். மணியம் அண்ணன், "கூரை இல்லாத காடிய வெச்சிருந்தா வீட்டுக் கூரையும் போகும்னு தெரியாமப் போச்சேண்ணே" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை.

ஆனாலும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது மணியம் அண்ணன்தான். ஈப்போவில் பல் டாக்டராக இருந்த சீனர் ஒருவர் அவருடைய டாக்சியில் ஏறியிருக்கிறார். பேச்சு காரைப் பற்றிப் போயிருக்கிறது. அவர் வந்து பார்த்தார். பிடித்துப் போயிற்று. சனிக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்துப் பணம் தருவதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை முழுக்க நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூசை.

எங்கள் வீட்டில் தீபாவளியைவிட அந்த நாளுக்குத்தான் மரியாதை. சாமி மேடைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து, அப்பாவின் ஸ்பானர்கள், சுத்தியல், அம்மாவின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவோம். சூடம் காட்டிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் அவற்றை யாரும் தொடக்கூடாது. அன்று ஒரு நாள் ஆயுதங்களுக்கும் ஓய்வு, படிப்புக்கும் ஓய்வு. காருக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவியை மட்டும் அப்பா ஆணியில் மாட்டினார். "அது வெளியவே இருக்கட்டும். டாக்டர் இன்னிக்கு வந்தாலும் வருவாரு, ஓட்டிக் காட்டணும்" என்றார்.

அம்மா சுண்டல் தாளிக்கப் போனார். அப்பா தேங்காய் உடைக்க வாசலுக்குப் போனார். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, என் அறிவியல் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு, கைகூப்பி நின்றுகொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கார் போகக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வீடு போகும் என்பது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது.

சூடம் காட்டி முடித்த பிறகுதான் புத்தகத்துக்கு அடியிலிருந்து சாவி வளையம் எட்டிப் பார்ப்பதை அப்பா கவனித்தார். என்னைப் பார்த்தார். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மணியம் அண்ணனின் டாக்சியில் டாக்டர் வந்து இறங்கினார். மாலையும் குங்குமமுமாக நின்ற காரைப் பார்த்துச் சிரித்து, ஒரு முறை சுற்றி வந்து, ஓட்டிப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார்.

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லுப்பா மணியம். சாவி பூசையில இருக்கு" என்றார் அப்பா.

"என்னண்ணே விளையாடுறீங்களா? ஈப்போவிலிருந்து வந்திருக்காரு. சாவி இல்லாட்டி என்ன, நீங்க பட்டறைக்காரரு, ரெண்டு வயரைச் சேர்த்தா ஓடாதா?"

"எந்தச் சாமானையும் இன்னிக்குத் தொடமாட்டேன்."

டாக்டர் பொறுமையானவர். வேறு சாவி இல்லையா என்று கேட்டார். அப்பா ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "சாத்து சாஜா" என்றார். ஒன்றே ஒன்றுதான்.

அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் அவர்தான்; அப்பா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போவதோடு சரி. அந்த அம்மா சொன்னார்: "சூடம் காட்டியாச்சு, சாமி பார்த்தாச்சு. எடுத்துக் குடுங்க. வீடு இல்லாமப் போனா இந்தச் சாமி மேடைய எங்க கொண்டு போயி வெப்பீங்க?"

"ஒரு நாளுதானே. நாளைக்கு விடிஞ்சதும் எடுக்கலாம்."

"அவரு நாளைக்கு இங்க இருக்கணுமே!"

அம்மா மேடைவரைக்கும் நடந்து போனார். கையை நீட்டினார். என் புத்தகத்துக்கு மேலே அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் போய், கிண்ணத்தில் சுண்டல் போட்டுக் கொண்டுவந்து டாக்டருக்குக் கொடுத்தார்.

அவர் சுண்டலைச் சாப்பிட்டு, ஃபெரிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அடுத்த வாரம் மணியம் அண்ணன் வந்து, "அவரு கோலாலம்பூர்ல வேற ஒண்ணு வாங்கிட்டாராம்ணே" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் எந்தக் கேலியும் பேசாமல் போய்விட்டார்.

மாதக் கடைசி வந்தது, போனது. அடுக்குமாடி வீடு வேறு யாருக்கோ போயிற்று. நாங்கள் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில், மூன்று குடும்பத்துக்கு ஒரு குளியலறை என்று ஒண்டிக்கொண்டோம். மறுபடி பெயர் வரும்போது கையில் முன்பணம் இருக்கவேண்டும் என்று அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். விடியும் முன்னே கம்பெனி பஸ் வரும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் படியேறி வந்து, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷம் அப்படி. மாடி வீட்டில் நிறுத்த இடமில்லாத காரை அக்கரைப் பட்டர்வொர்த்தில் பழைய கார்க் கடைக்காரர் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அப்பா ஆணியிலிருந்த சாவியைக் கொடுத்துவிட்டு, ஃபெரியில் திரும்பி வந்தார். போகக்கூடாது என்று நான் நினைத்த கார் எப்படியும் போய்விட்டது.

நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இறந்து, அவருடைய பெட்டியை ஒழுங்கு செய்தபோது, வாஷர் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு சாவி இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே காரின் இன்னொரு சாவி. துணியின் மடிப்புகள் இறுகி, பிரிக்கவே கடினமாக இருந்தது. அன்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டியபோது இது அப்பாவின் டின்னுக்குள் இருந்திருக்கிறது. பூசையை நான் ஒரு முறை பயன்படுத்திக்கொண்டேன். அவர் இரண்டாவது முறை பயன்படுத்திக்கொண்டார். எங்கள் இருவருக்கும் சேர்த்து வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்தவர் அம்மா.

இப்போது நான் பாலம் தாண்டிப் புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போகிறேன். நானும் நின்றுகொண்டே செய்கிற வேலைதான். சென்ற வாரம் அலுத்துப் போய் வந்து உட்கார்ந்தபோது என் மகள் கைப்பேசியைக் கொண்டுவந்து, "அப்பா, நீங்க சொல்ற காடி இதுதானா பாருங்க லா" என்றாள். புதுப்பித்த பழைய ஆங்கிலேயக் கார், விற்பனைக்கு. சாயம் சிவப்பாகியிருந்தது, ஹூட்டு புதுசு. எண் அதே எண். கீழே ஒரு வரி இருந்தது: சாவி ஒன்று மட்டுமே உண்டு.

அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் அந்தச் சாவியை வைத்து, புத்தகத்துக்கு அடியில் வைத்ததையும், டின்னில் கிடைத்ததையும், இரண்டையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மன்னித்துவிடுவார் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

அம்மா சாவியைக் கையில் எடுக்கவில்லை. உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார்.

"அந்த ஹூட்டைத் தெச்சது நான்டா. அதுக்குக் கீழ ஒரு நாள்கூட நான் உக்காந்ததில்ல."

என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டி, நம்ம போய்ப் பார்ப்போம் லா. சாவியக் குடுத்துட்டு, ஒரு ரவுண்டு கேக்கலாம்" என்றாள்.

"போடி. அம்புட்டுத் தணிவான காடியில நான் எப்படி உக்கார்றது? முட்டி மடங்கணுமே" என்றார் அம்மா.

ஆயர் ஈத்தாமில் அந்தப் பலகை வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அப்பா இல்லை, மணியம் அண்ணனும் இல்லை. சாவி இருக்கிறது. ஓர் இருக்கை காலியாக, கார்கூட இருக்கிறது. அம்மாவின் முட்டிதான் மடங்கமாட்டேன் என்கிறது. இன்று வேலை முடிந்து வந்ததும் வெந்நீர் போட்டு, வாளியை அவர் காலடியில் வைத்தேன். "சூடு பத்தலை" என்றார். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.