குழாய்ச் சாவியும் கிரேக்க ஞானமும்

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் நான்கு முதல் ஐந்து வரை தண்ணீர் வரும். பெண்கள் முன்கூட்டியே குடத்தையோ செங்கல்லையோ வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்லுக்கும் ஆளுக்குரிய மரியாதை உண்டு. பிரசவமோ சாவோ நடந்த வீட்டுக்கு மட்டும் வரிசை கிடையாது; முதல் தண்ணீர் அவர்களுக்கு. சண்டையும் தினமும் நடக்கும்.

நான் அப்போது ரயில்வேயில் குமாஸ்தா. பழைய கிரேக்க ஞானிகளைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, தெருவைத் திருத்தாமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். பொது நன்மையை அறிந்தவன் கையில்தான் பொதுச் சொத்து இருக்கவேண்டும் என்று வாதாடி, குழாயைச் சுற்றி மரப்பெட்டி போட்டுப் பூட்டவைத்தேன். அந்த அறிந்தவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாவி என் சட்டைப்பைக்கு வந்தது.

ஒரு ஞாயிறு மாலை வாசகசாலையில் பொது நன்மையைப் பற்றி என் பிரசங்கம். மும்முரத்தில் நான்கு மணியை மறந்தே போனேன். பொதுச் சொத்துக்குக் காவலன் தன் குடத்தைக் கடைசியில்தான் நிரப்பவேண்டும் என்று முழங்கியபோது, எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இடுப்பில் குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே பெரிய மனிதர்கள் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. தத்துவம் பெண்களையும் எட்டிவிட்டதே என்று எனக்குப் புல்லரித்தது. அவர்களுக்காகவே இன்னும் அரைமணி நேரம் விளக்கினேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர்களில் மீன் விற்கும் அம்மாள் கேட்டாள்:

"இன்னா நைனா, முட்சிட்டியா? சாவியக் குடு. மூணாம் வூட்ல மத்தியானம் புள்ள பொறந்துகீது. பெத்தவள குளிப்பாட்ட ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

ஓடிப்போய்த் திறந்தேன். குழாய் வெறும் காற்றை ஊதியது. ஐந்து மணி தாண்டியிருந்தது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

வீட்டில் என் மனைவிக்குச் செய்தி அப்போதுதான் எட்டியிருந்தது. எங்கள் அண்டாவிலிருந்து பிரசவ வீட்டுக்குக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள். அண்டா விளிம்புவரை நிறைந்திருந்தது. காலையில் பூட்டைத் திறந்ததும் வேறு யாரும் வருமுன் நானே பிடித்து வைத்தது.

"காவக்காரன் கொடம் கடசின்னு பேசினீங்களாமே," என்றாள். "அப்ப இது யார் வூட்டு அண்டா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.