கடைசி ஆள்

அருள்புரத்தில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் வரிசை. வளைகுடாவில் எண்ணெய் வேலைக்கு ஆள் போதவில்லையாம். குழாய் வெல்டர்களைச் சோதித்து எடுக்கிறார்கள். வரிசையின் தலைப்பில், கதவருகே இருவர். முன்னால் நிற்பவருக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

“இவருமா வெல்டர்?” இறங்கிப் போய், அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்கிறேன்.

“இவரு என்ற மொதலாளிங்க. சாயப்பட்டறைய மூடிட்டாருங்க. வெல்டிங் நாந்தான் பழக்கிவுட்டனுங்க.”

“இன்னும் ஒரே ஆள்தான் வேணும்!” உள்ளிருந்து குரல் வருகிறது.

“நீங்க போங்க, மொதலாளி.”

“இல்ல முருகேசா, நீ போ.”

“அதெப்படிங்க? நீங்க போங்க.”

இருவருக்கும் அந்த வேலை வேண்டும், முகத்திலேயே தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால் நின்றவர் நடுவே புகுந்து உள்ளே போய்விடுகிறார். கதவு சாத்தப்படுகிறது.

சிரிப்பதா வருந்துவதா, எனக்குப் புரியவில்லை. முதலாளியின் கை மட்டும், முருகேசனைப் போகச் சொல்லி, இன்னும் கதவை நோக்கி நீண்டிருக்கிறது.