மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

வெர்னா ஸ்டாலர்டைக் கோபப்படுத்த ஒரே ஒரு கேள்வி போதும். "எதிர்ப்பக்கம்தானே வெர்னா?" அவ்வளவுதான், மூக்கு சிவந்துவிடும்.

எங்கள் கோலர்டனில் மெயின் தெருவின் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு வடக்கே வர்ஜீனியா, தெற்கே டென்னசி. வடக்கே முடி வெட்டிக்கொண்டு, தெற்கே பல் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். மாமியார் ஒரு மாநிலம், மருமகள் ஒரு மாநிலம் என்று ஊரில் பாதிக் குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் குறுக்கே வராத அந்தக் கோடு, துப்பாக்கி வாங்கப் போனால் மட்டும் எழுந்து நிற்கும்.

வெர்னா நிற்பது வடக்குப் பக்கம், ட்ரெண்டின் ஹார்டுவேர் கடையில், பெயின்ட் டப்பாக்களைத் தாண்டிப் பின்னால் இருக்கும் துப்பாக்கி கவுன்ட்டரில். இளவயதில் தையல் ஆலையில் காலுறைக்கு எலாஸ்டிக் தைத்தவள். ஆலையை மூடினார்கள். ட்ரெண்ட் அவளை ஆணியும் திருகாணியும் நிறுத்துப் போடச் சேர்த்துக்கொண்டார். துப்பாக்கி விற்ற ஆளுக்குக் கண் மங்கியபோது, "இந்தப் பொம்பளைகிட்ட யாரும் வாலாட்ட மாட்டான்" என்று சொல்லி அவளை அங்கே நிறுத்தினார். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. குட்டையான உருவம், கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கணீரென்ற குரல். துப்பாக்கி வாங்க நிரப்ப வேண்டிய அரசாங்கத் தாளில் உள்ள கேள்விகளை மற்ற கடைகளில் வாங்குகிறவனே டிக் அடித்துத் தள்ளுவான். வெர்னா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அவளுக்கென்று இன்னொரு பழக்கமும் உண்டு. போலீஸ் விசாரணையில் யாருக்கு மறுப்பு வந்தது என்பதை வெளியில் மூச்சுவிட மாட்டாள். ஒருமுறை சர்ச்சில் பாடும் வயசாளி ஒருவருக்குப் பதில் வராமல் நாள் கணக்காக இழுத்தடித்தது. எங்கோ இன்னொரு மாநிலத்தில் அதே பெயரில் ஒரு திருடன் இருந்திருக்கிறான். அது தெளிவாவதற்குள் ஊர் வாயாலேயே அந்த மனிதரை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டது. பாவம், அவர் பாடுவதையே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து கவுன்ட்டரில் நடந்தது கவுன்ட்டரோடு என்று வெர்னா வாயைத் தைத்துக்கொண்டாள். கட்டின புருஷன் டாயிலிடம்கூடச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கோடி ராஸ்னிக் வந்தான். பர்ல் ராஸ்னிக்கின் மகன். முப்பது வயதிருக்கும். நல்ல சிரிப்பு, நன்றாகத் துவைத்த சட்டை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைத்துப்பாக்கி ஒன்றைக் காட்டினான்.

வெர்னா அவன் லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தாள். "நீ டென்னசி ஆளு தம்பி. கைத்துப்பாக்கிய உன் கையில தர முடியாது. தெரு தாண்டி அங்க இருக்கற கடைக்கு அனுப்புவேன். அங்க போய்க் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு வாங்கிக்க."

"எதிர்ப்பக்கம்தானே வெர்னாம்மா? இங்கேருந்து கல்லெறிஞ்சா என் வீட்டுக் கூரையில விழும்."

"விழட்டும். கல்லுக்கு லைசென்ஸ் கேக்கமாட்டேன்."

கோடி சிரித்தான். "அந்தக் கடைக்காரங்களோட எனக்கு ஒத்துவராது. சரி, அப்ப அந்த வேட்டைத் துப்பாக்கி?"

நீளத் துப்பாக்கி வேறு விஷயம். வெளிமாநிலத்தானுக்கும் விற்கலாம், விசாரணையில் தேறினால். வெர்னா கேள்விகளைப் படித்தாள். நீதிமன்றத் தடை ஏதும் உண்டா என்று கேட்டபோது அவன் "சேச்சே" என்றான். விவரங்களை மாநிலப் போலீசுக்கு அனுப்பினாள். அவன் தூண்டில் முள்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பதில் வந்தது: கொடுக்கக் கூடாது. காரணம் சொல்ல மாட்டார்கள். கடைக்காரிக்கு அது தேவையில்லையாம்.

"என் பேர்ல ஊருப்பட்ட ஆளுங்க இருக்காங்க," என்றான் கோடி, சிரிப்பு குறையாமல்.

"இருக்கலாம். மேல்முறையீட்டுக்கு இந்த நம்பர்ல கேளு," என்று தாளை நீட்டினாள். அவன் அதை வாங்காமலே போனான். அந்தச் சர்ச் மனிதரின் முகம் வெர்னாவின் மனதில் வந்துபோனது. இவனும் அப்படி மாட்டிக்கொண்டவனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் டாயிலோடு உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை கடையில் பாதி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எப்போதும் போவது மெயின் தெரு டைனருக்கு. அங்கே பரிமாறுகிற டெஸ்ஸாவுக்கு வெர்னா என்றால் உயிர். அன்று காபி ஊற்றும்போது அந்தப் பெண் கோப்பை நிரம்பியதைக்கூடக் கவனிக்காமல் தட்டில் சிந்தினாள்.

"என்னடி, ராத்திரி தூங்கலையா?"

"தூங்கி ரொம்ப நாளாச்சு வெர்னாம்மா." டெஸ்ஸா குரலைத் தாழ்த்தினாள். "ஜட்ஜ் ஆர்டர் குடுத்துட்டாரு. அவன் என் பக்கத்துல வரக்கூடாது, துப்பாக்கி வச்சிருக்கக்கூடாதுன்னு. இருந்த ரெண்டையும் போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'துப்பாக்கிக்கா பஞ்சம் இந்த ஊர்ல'ன்னான்."

"யாருடி அவன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"வெக்கமா இருந்துச்சு. கோடிதான். கோடி ராஸ்னிக். யாருக்கும் சொல்லாம கட்டிக்கிட்டு, தெற்குப் பக்கம் அவன்கூட இருந்தேன். கழுத்தைப் பிடிச்சான் வெர்னாம்மா. அதோட கெளம்பி இந்தப் பக்கம் வந்துட்டேன்."

வெர்னா தட்டைத் தள்ளிவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு கர்வமும் எழுந்தது. ஒத்துவராது என்றானே, எதிர்க் கடையும் கொடுத்திருக்காது; தானும் கொடுக்கவில்லை. சட்டம் ஒருமுறையாவது சரியாக வேலை செய்திருக்கிறது. "அவன் கைக்குத் துப்பாக்கி வராதுடி. நான் சொல்றேன்ல," என்று டெஸ்ஸாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்த வார்த்தையை நினைத்து அவள் பிறகு தன்னையே எத்தனை திட்டியிருப்பாள் என்று சொல்லி முடியாது.

சாயங்காலம் வடக்குப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பினால், வாசல் படியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம். ஏறக்குறையப் புதுசு.

"எப்படி இருக்கு?" என்றான் டாயில், பல்லெல்லாம் தெரிய. நல்ல மனுஷன், ஓய்வுபெற்ற ரயில்வே வெல்டர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். சனிக்கிழமை காலைகளில் தெற்குப் பக்கம் தீவனக் கடை முற்றத்தில் ஆண்கள் தங்கள் வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்துப் பண்டமாற்று நடத்துவார்கள். பேனாக்கத்தி, நாய்க்குட்டி, துப்பாக்கி, எல்லாம் கைமாறும். தெரிந்தவன் மகனிடம் லைசென்ஸைக் காட்டு என்று கேட்பது அங்கே அவன் அப்பனைத் திட்டுவதற்குச் சமம். டாயில் அங்கே போகாத சனிக்கிழமை கிடையாது.

"எதைக் குடுத்து வாங்கின?"

"அந்தப் பழைய ரிவால்வர்தான். டப்பாவுல சும்மாதானே கெடந்துச்சு. நம்ம பர்ல் மகன் கேட்டான். அந்தச் சிரிச்ச மூஞ்சிப் பய, கோடி. குண்டும் ஒரு பெட்டி சேர்த்துக் குடுத்தேன், பாவம்."

வெர்னாவின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது.

"பாவமா? யோவ், அவன் பொண்டாட்டி கழுத்தை நெரிச்சவன்யா! டெஸ்ஸா புருஷன்யா அவன்! கடைக்குக் கடை மறுப்பு வாங்கிட்டு அலையறான். வியாழக்கிழமை எங்கிட்டயே வந்து தோத்துட்டுப் போனான்."

டாயிலின் முகம் வெளுத்தது. "எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லலையே."

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஆமாம், சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதரின் மானத்துக்காகக் கட்டிய சுவரின் பின்னால் ஒரு கயவன் சௌகரியமாக ஒளிந்துகொண்டான்.

"நான் சொல்லாட்டியும் அவன் டென்னசிக்காரன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? வெளிமாநிலத்தானுக்கு நீயா கையில குடுக்கக்கூடாதுன்னு இத்தனை வருஷம் இந்த மேஜையில உக்காந்து கத்தறேனே!"

"நீ எதுக்குத்தான் கத்தல வெர்னா? அது கடைக்காரங்களுக்குன்னு நெனச்சேன். தெரு தாண்டினா வெளிமாநிலமா? நம்ம பர்ல் மகன்…"

அவள் காதில் வாங்கவில்லை. டைனருக்கு போன் போட்டாள். டெஸ்ஸா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். "கெளம்பாதே. பின்கதவைப் பூட்டச் சொல்லு. சமையல்கட்டுக்குள்ளேயே இரு. அவன்கிட்ட துப்பாக்கி இருக்கு."  "வராதுன்னு சொன்னீங்களே வெர்னாம்மா," என்றாள் டெஸ்ஸா.

அடுத்து அவசரப் போலீஸ். அங்கே நடந்த கூத்தை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. துப்பாக்கி எங்கே கைமாறியது? தெற்குப் பக்கம். அப்படியானால் அது டென்னசி விவகாரம், லைனை அங்கே மாற்றுகிறோம். அங்கே எடுத்தவர் கேட்டார்: தடை உத்தரவு எந்தக் கோர்ட்? வர்ஜீனியா. அந்தப் பெண் குடியிருப்பது? வர்ஜீனியா. அப்படியானால் நீங்கள் வடக்குப் பக்கம்தான் சொல்ல வேண்டும். ஒருவர் ஸ்டேஷன் ஜன்னலிலிருந்து பார்த்தால் மற்றவர் ஸ்டேஷன் தெரியும்! ஹார்டுவேர் கடையில் இளைத்துப்போன கிழவன் வந்து வாத்து சுடத் துப்பாக்கி கேட்டால் அவன் ஜாதகத்தையே தோண்டுகிறார்கள். தீவனக் கடை முற்றத்தில் ஒரு கைகுலுக்கல் போதும். அங்கே தோண்ட ஆளில்லை, கேட்க நாதியில்லை. ஒரு பெண்ணின் உயிர் மஞ்சள் கோட்டின் மேல் நின்றுகொண்டிருக்கிறது, இவர்கள் அது யார் பக்கம் என்று அளந்துகொண்டிருக்கிறார்கள்.

"இந்தா பாருங்க," என்று வெர்னா கத்தினாள். "அவ செத்து விழுந்தப்புறம் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்னு அளந்து பங்கு போட்டுக்குவீங்களா? ரெண்டு பக்கமும் வண்டிய அனுப்புங்கய்யா!"

 டென்னசிப் பக்கத்து மனிதர் குரல் மாறிக் கேட்டார். "துப்பாக்கி அவர்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? குடுத்தது யாரு?"

டாயில் சமையலறை வாசலில் நின்றான். "வேண்டாம் வெர்னா," என்றான் மெதுவாக. "நானே போறேன். ரம்பத்தைத் திருப்பிக் குடுத்து வாங்கிட்டு வந்துடறேன். நம்மளுக்குள்ள முடிஞ்சுடும்."

"ரம்பத்தைக் காட்டினா குடுத்துடுவானா? எதுக்கு வாங்கினானோ அதுக்குத்தான் வச்சிருப்பான்."

"என்னை உள்ள வச்சிடுவாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.  யார் கொடுத்தது என்று சொல்லாமல் விட்டால் ஊர் வதந்தி என்று போலீஸ் தள்ளிவிடலாம். அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"என் புருஷன் குடுத்தாரு," என்றாள் போனில். "டாயில் ஸ்டாலர்ட். இன்னைக்குக் காலையில. குண்டோட. எழுதிக்கங்க."

டாயில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

கோடியை அவன் வீட்டில் பிடிக்கவில்லை. டெஸ்ஸாவின் டிரெய்லர் வீட்டுக்கு எதிரே, மரத்தடியில், விளக்கை அணைத்த வண்டிக்குள் பிடித்தார்கள். ரிவால்வர் மடியில் இருந்தது. ஆறு குண்டும் உள்ளே இருந்தன. அந்த நேரத்துக்கு டெஸ்ஸா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்திருக்க வேண்டும்.

டாயில் ஜாமீனில் வந்தான், வழக்கு நடக்கிறது. மான் வேட்டைக் காலம் வரும்போது அவன் கையில் துப்பாக்கி இருக்காது, ஒருவேளை இனி எப்போதுமே. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோனது. ஊர் சும்மா இருக்குமா? கோடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "கட்டினவனையே காட்டிக் குடுத்தவ" என்ற பட்டம் வெர்னாவுக்குத்தான் கிடைத்தது. தீவனக் கடை முற்றத்தில் அடுத்த சனிக்கிழமையும் வண்டிகளின் பின்கதவுகள் வழக்கம்போலத் திறந்தன.

அன்று மத்தியானம் அவள் டைனருக்குள் நுழைந்தாள். முற்றத்து ஆண்கள் நாலைந்து பேர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன், டாயிலின் பழைய கூட்டாளி, வேண்டுமென்றே உரக்கச் சொன்னான்: "வெர்னா வந்தாச்சு, எல்லாரும் லைசென்ஸை எடுத்து வைங்கடா. நம்ம டாயில் என்ன பெரிய தப்பு பண்ணிட்டான்? தெரு தாண்டினான், அவ்வளவுதானே."

வெர்னா நேராக அந்த மேஜைக்குப் போனாள். அப்போதுதான் ஊற்றிய காபியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவன் கோப்பையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதை ஊத்தினது யாரு?"

அவன் விழித்தான். கெட்டிலோடு நின்றிருந்த டெஸ்ஸா தலையைக் குனிந்தாள்.

"யாருன்னு கேட்டேன். வாயத் திற."

"டெஸ்ஸா."

"ஆமா, டெஸ்ஸா. ஊத்தறதுக்கு உயிரோட இருக்கா." வெர்னாவின் கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் உடையவில்லை. "சூடு ஆறிடப் போகுது. குடி."