புத்தகத்தைத் தொடவே இல்லை

என் மகள் படிப்பதை ஊரே பார்க்கிறது. செல்போனை எதிரே நிறுத்தி, மேசை விளக்கைப் போட்டு, மூன்று மணி நேரம் படிப்பதை அப்படியே படம் பிடித்து இணையத்தில் போடுகிறாள். முகம் தெரியாத பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே கூடப் படிக்கிறார்களாம். "நான் ஒரு நெர்டும்மா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்த வார்த்தை அச்சடித்த பனியன்கூட வைத்திருக்கிறாள். அதைத் துவைத்தால் எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பித்தான் காயப்போடுவேன்.

எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் படிப்ஸ். அது பட்டமில்லை, வசவு. மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேர நடை. வழியில் புத்தகத்தைத் திறந்தால் தொலைந்தோம். "கலெக்டரம்மா வர்றாங்க, வழி உடுங்கடா" என்று பின்னாலேயே ஒரு கூட்டம் வரும். அம்மா வேறு, "படிக்கறேன் படிக்கறேன்னு வெளிய சொல்லாத சாமி, கண்ணு பட்டுரும்" என்பாள். ஆகவே, மற்ற பிள்ளைகள் மாங்காய் திருடியதைப்போல நான் திருட்டுத்தனமாகப் படித்தேன். எங்கள் மரவள்ளிக் காட்டில் குரங்கு விரட்ட ஒரு பரண் இருந்தது. காவலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதில் ஏறி உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புப் பாடம் முழுவதையும் முடித்தேன். குரங்குகள் அவை பாட்டுக்குக் கிழங்கைப் பிடுங்கித் தின்றன. காவல் காக்கத் துப்பில்லை என்று அப்பா திட்டுவார். வாங்கிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுக்காரிதான் என் சிநேகிதி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே குடையில் மழைக்கு நடந்தவர்கள். கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். தனக்காகப் படிக்கமாட்டாள், என்னைப் பார்த்துப் படிப்பாள். "எத்தனை பாடம் முடிச்ச?" என்று தினமும் கேட்டு, அந்த அளவுக்குத் தானும் முடித்துவிடுவாள். நான் எப்போதும் குறைத்துத்தான் சொல்வேன். அப்படியும் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் என்னை முந்தி வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பரீட்சையில் நானூறு வாங்கினால் நாமக்கல்லில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைப்பேன், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்ப்பேன் என்று. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் லீவு. மத்தியானம் அவள் நோட்டோடு காட்டுக்கு வந்துவிட்டாள். பரணுக்குக் கீழே அவள் குரல் கேட்டதும் புத்தகத்தைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"ஏ புள்ள, வரைபடக் கணக்கெல்லாம் போட்டுப் பாத்துட்டியா? எனக்கு ரெண்டு பாடம் அப்படியே கெடக்குது."

"ஐயோ, எங்கடி? நாலு நாளா குரங்கோடதான் பொழப்பு. புத்தகத்தத் தொடவே இல்ல."

வாய் கூசவில்லை. அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்பாடா! நீயே தொடலையா? அப்ப நான் எதுக்குக் கெடந்து சாவறேன்!"

இரண்டு பேரும் ஓடைக்குப் போனோம். கொய்யா பறித்துத் தின்றோம். சினிமாப் பாட்டெல்லாம் பாடினாள். வெயில் தாழும்போது நோட்டை விசிறிபோல வீசிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அவள் தலை மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, பரணில் ஏறிப் புத்தகத்தை எடுத்தேன்.

கண் படும் என்றோ கேலி செய்வார்கள் என்றோ பயந்து சொன்ன பொய்யில்லை அது. அவள் என்னை மறுபடியும் முந்திவிடக் கூடாது. அவ்வளவுதான். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ரிசல்ட் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல். அவளுக்கு நானூறுக்குப் பதினொன்று குறைந்துவிட்டது. கணக்கு காலை வாரிவிட்டிருந்தது. அவள் அப்பா சொன்ன சொல் மாறவில்லை. ஆவணியில் கல்யாணம்.

"தொடாமயே மொத மார்க்கு வாங்கிட்ட பாரு. உனக்குப் பொறப்புலயே மண்டை. என் மண்டைல மரவள்ளிக் கெழங்குதான் இருக்குது புள்ள" என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இப்போது நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சை நாட்கள்தான் பெரும்பாடு. ஹாலுக்கு வெளியே யாராவது ஒரு பெண் "ஒண்ணுமே படிக்கலடி" என்று சொல்வாள். யாரிடம் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன். கேட்டவள் முகத்தில் அந்த நிம்மதி தெரிந்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. காதுக்குள் அந்த "அப்பாடா" கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வருடம் மாசியில் ஒரு கல்யாணத்துக்காக மகளோடு மலைக்குப் போனேன். சிநேகிதி வீட்டுக்குப் போகாமல் தப்பித்துவிடத்தான் பார்த்தேன். கல்யாணத்திலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் மிளகு காய்ந்தது. அவளுடைய மகள் ஒரு பையில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எங்கே பயணம் என்று கேட்டேன்.

"மில்லு வேலைக்குங்க. திங்கக்கெழம வண்டி வருது. எனக்குப் படிப்பு ஏறலீங்க."

என் மகள் சும்மா இருக்காமல், "நான் ஹெல்ப் பண்றேன், நான் நெர்டுதான்" என்றாள். அப்படின்னா என்னவென்று அந்தப் பெண் கேட்டாள். எந்நேரமும் படிச்சிட்டே இருக்கிறவங்க என்று இவள் விளக்கம் சொன்னாள்.

சிநேகிதி மிளகைத் துழாவிக்கொண்டே சிரித்தாள். "உங்கம்மா அப்படியில்ல கண்ணு. புத்தகத்தத் தொடாமயே மொத மார்க்கு. அதெல்லாம் பொறப்புல இருக்கோணும். எங்களுக்கு இல்ல, இவளுக்கு எங்கிருந்து வரும்? அதான் நானும் போகட்டும்னு உட்டுட்டேன்."

என் பொய் அவள் மகள்வரைக்கும் வந்து நின்றது. மூட்டையும் கட்டிவிட்டது.

"நான் படிச்சேன்டி" என்றேன்.

"என்னது?"

"பரண்ல உக்காந்து தினமும் படிச்சேன். நீ வந்த அன்னிக்கும் படிச்சிட்டுத்தான் இருந்தேன். நீ போனதுக்கப்புறமும் படிச்சேன். வேணும்னேதான் உன்கிட்ட இல்லைன்னு சொன்னேன்."

அவள் கை மிளகில் நின்றுவிட்டது. விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். என் மகளும் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்ப எனக்கும் ஏறியிருக்குமா?" என்று கேட்டாள் சிநேகிதி.

"உனக்கு ஏறுச்சுடி. அரையாண்டுல என்னையே முந்துனியே."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. மகள் பக்கம் திரும்பி, "மில்லு வண்டிக்காரனுக்குப் போனப் போடு. வரவேண்டாம்னு சொல்லீரு" என்றாள். அந்தப் பெண் பையை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுக்க உள்ளே போனாள்.

அப்புறம் என்னிடம், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"இருபத்தஞ்சு வருசமா என்னைய நானே மக்கு மக்குன்னு வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நா வந்து சொல்லியிருக்கலாமில்ல?"