சிவப்பு வருஷம்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள், மடியில் தம்பி. சின்ன அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. அத்தையோடு ஒரே டீமில் ஆடுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் கம்பெனி சார் இருந்தார். அப்புறம் நான். எனக்கு ஏழு வயது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கரண்ட் இல்லை. அப்பா உட்காருவார், எழுந்து வாசல் வரை போவார், திரும்பி வருவார். அத்தையின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. சார் போனை எடுத்து மணி பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

அத்தை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற லைனில் இருந்தாள். கம்பெனிக்குப் பெண்கள் பாஸ்கெட்பால் டீம் உண்டு. டீமில் இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மிஷினை விட்டு எழுந்து கிரவுண்டுக்குப் போகலாம். மற்றவர்கள் இருட்டும்வரை தைக்க வேண்டும். அத்தைக்கு அந்த நாலு மணிதான் எல்லாம். மாதனூர் பக்கத்துப் பெண்கள் அவள் ஆட்டத்தைப் பார்க்கவே வருவார்கள்.

சார் டீமைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்தவர். மறுநாள் அவர் டீம் லிஸ்ட் கொடுக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்திருந்தாள், நன்றாக ஆடுகிறாள் என்று பேச்சு. அவளா, அத்தையா? இடம் ஒன்றுதான். அத்தை உச்சத்தில் இருக்கிறாளா, இறங்கிவிட்டாளா என்று சாருக்குத் தெரிய வேண்டும். யார் எத்தனை பந்து போட்டார்கள் என்று ஆபீசில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்பா விட்டாரா. "எங்க வூட்ல இருக்கு சார். நீங்களே வந்து எண்ணிக்குங்க" என்று கூட்டி வந்துவிட்டார்.

இருந்தது ஒரு ஊறுகாய் பாட்டில். ஷூவில் கயிறு கோர்க்க ஓட்டை போடும்போது தோல் துண்டு வட்டமாக விழும், பொட்டு மாதிரி. அத்தை கூடையில் பந்து போட்டால், போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. ஆட்டம் முடிந்ததும் லைன் பெண்கள் எண்ணி அவள் டிபன் பாக்ஸில் போடுவார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலில் கொட்டுவாள்.

அப்பா பாட்டிலைப் பாயில் கவிழ்த்தார். அவர் டேனரியில் தோல் பிரிக்கிறவர். எந்தத் தோல் எந்த ரகம் என்று பார்த்துப் பார்த்துப் போடுவது அவர் வேலை. கை சும்மா இருக்குமா. பொட்டுகளை நிறம் நிறமாகப் பிரித்தார். முதல் வருஷம் கம்பெனிக்குக் கறுப்பு ஆர்டர். அடுத்தது பிரவுன். போன வருஷம் சிவப்பு. பாயில் மூன்று குவியல் ஆனது. கறுப்பு பெரிதாக இருந்தது. சிவப்பு ஒரு கைப்பிடி.

அப்பாவின் கை நின்றது. சிவப்பைத் தேடிப் பாயை உதறினார். பாட்டிலைத் தட்டினார்.

கறுப்பை அவர் எண்ணினார், நூற்று அறுபது. பிரவுனை அம்மா எண்ணினாள். சிவப்பை நான் எண்ணினேன். நூறு வரைக்கும் எனக்குத் தெரியும். "அம்பத்திரண்டு!" என்று கத்தினேன். யாரும் பாராட்டவில்லை.

"வருஷத்துக்கு இருபது மேட்ச்" என்றார் சார். "கறுப்புல மேட்சுக்கு எட்டு. பிரவுன்ல கொஞ்சம் கம்மி. போன வருஷம் மூணுகூட வரல. எறங்கிட்டாங்களே."

"சார், போன வருசம் இவ…" என்று ஆரம்பித்தாள் டீம் அக்கா.

"நீ இன்னாடி சும்மா குந்தினு இருக்க? போய் டீ எடுத்துட்டு வா" என்றாள் அத்தை.

"இருடி, நான் சொல்றேன்…"

"டீ ஆறுதுடி!"

சார் இரண்டு பேரையும் பார்த்தார். "காலு கீலு பிரச்சனையா? போன வாரம்தான் முட்டி வலின்னு ஒருத்தியை டீமை விட்டு எடுத்தேன். அப்படி ஆளை வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?"

"காலெல்லாம் நல்லாதான் இருக்கு சார்" என்றாள் அத்தை. தரையைத் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. "எண்ணிட்டீங்க இல்ல, அவ்ளோதான்."

"தே, சொல்லேன். இன்னா ஆச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணும் ஆவல ணா. கை ஓடல, அவ்ளோதான்."

சார் டீ குடிக்காமல் போனார். குடியாத்தத்துப் பெண் பெயர் லிஸ்டில் வந்தது. அத்தை மறுநாளிலிருந்து இருட்டும்வரை தைத்தாள். அப்பா கொஞ்ச நாள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சிவப்புப் பொட்டுகளை அத்தை எனக்கே கொடுத்தாள். பவுடர் டப்பாவில் போட்டு ஆட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த சிவப்பு வருஷத்தில்தான் என் காலில் கொதிக்கிற தண்ணீர் கொட்டியது. வேலூர் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். அம்மாவுக்குத் தம்பி பிறந்த நேரம், வர முடியாது. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். ஞாயிறு ஆனால் அத்தை வந்துவிடுவாள். பன் வாங்கி வருவாள். கட்டு மாற்றும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். ஆட்டம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "இந்த வருசம் மேட்ச் கம்மிணா" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். பழைய சாரிடம், கால் வலி என்று.

எட்டாவதோடு நின்று, பதினெட்டு வயசு ஆனதும் நானும் ஷூ கம்பெனிக்கே வந்துவிட்டேன். போன மாதம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் வீடியோ பார்த்தாள். யாரோ வெளிநாட்டு பாஸ்கெட்பால்காரர், பெரிய ஆளாம். அவர் உச்சத்தில் இருந்த வருஷம் எது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போட்ட பந்தை, ஆடின ஆட்டத்தை மட்டும் வைத்துதான் வகுத்தார்கள். ஆடாததைச் சேர்க்கவில்லை.

பஸ் நகராமல் நின்றிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. இறங்கியதும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தே, செவப்பு வருசம் எத்தினி மேட்ச் ஆடின?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லேன்."

"நாலு. மிச்ச ஞாயிறெல்லாம் உன் கட்டிலாண்டதான் கெடந்தேன்."

"அன்னிக்கே சார்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நாலுதான் ஆடினேன்னா, ஏன்னு கேப்பாரு. கால் வலின்னு பழைய சார்கிட்ட சொன்னவ நான். இல்ல, அது பொய்யின்னு சொல்லவா? ரெண்டுல எது சொன்னாலும் எடுத்துருப்பாரு. உங்கப்பன் வேற பக்கத்துலயே நிக்கறான்." பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. "உன் கால் எப்டி இருக்கு, குளிருக்கு இழுக்குதா?"

"இல்ல."

"சரி, போனை வை. பால் பொங்குது."

டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திறந்து எண்ணினேன். ஒன்றும் தொலையவில்லை. ஐம்பத்திரண்டு. ஆடினது நாலு ஆட்டம்.

மேட்சுக்குப் பதிமூன்று.